லேண்ட்லைனை வெட்டும் முன்: இணைய வழி வீட்டு ஃபோனுக்கு மாறுபவர்களுக்கு

வெளிநாட்டில் வீடு பிடித்ததும், இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் கூடவே ஒரு லேண்ட்லைனையும் தலையில் கட்டிவிடுவது வழக்கம். உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்கு, அங்கே வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லைன் ஒன்று இருக்கும். சில மாதம் போய் பில்லை நிதானமாகப் படிக்கும்போதுதான் உறைக்கும்: லைனுக்கு மாத வாடகை தனி, அழைப்பவர் நம்பரைக் காட்டுவதற்குத் தனி, வாய்ஸ்மெயிலுக்குத் தனி, ஊருக்குப் பேசிய நிமிடங்களுக்குத் தனி. “நெட் ஃபோனுக்கு மாறிடுங்க, இதெல்லாம் அதிலேயே சேர்ந்து வந்துடும்” என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். தாராளமாக மாறலாம். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய செம்புக் கம்பி சத்தமில்லாமல் மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. ஃபோனுக்கு வேண்டிய மின்சாரத்தை, சுமார் 48 வோல்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்தே கொண்டுவந்தது. அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் ஃபோன் போகவில்லை. அவசர உதவிக்கு அழைத்தால் எந்த வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது என்பது மறுமுனைக்குத் தெரிந்தது. உங்கள் நம்பரும் அந்த லைனோடு பத்திரமாகக் கிடந்தது. மாறிய நாளிலிருந்து மின்சாரம், முகவரி, நம்பர் மூன்றும் உங்கள் பொறுப்பு.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: வீட்டு ஃபோன் வேண்டுமா? வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் மொபைல் இருந்து, எல்லோரும் அதைச் சார்ஜ் செய்து வைத்திருப்பவர்கள் என்றால், லேண்ட்லைனை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருங்கள். ஊருக்கு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம். வயதான அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளை தனியாக இருக்கிறது, வீட்டுக்குள் மொபைல் சிக்னல் சரியாக எடுக்காது என்றால் வீட்டு ஃபோன் இருக்கட்டும். பட்டனை அழுத்தினால் பேசும், வைத்த இடத்திலேயே இருக்கும் ஒரு ஃபோன் வயதானவர்களுக்குப் பெரிய துணை.

சில நாடுகளில் உங்களைக் கேட்காமலே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் பழைய லேண்ட்லைன் வலைப்பின்னலை 2027 ஜனவரி இறுதிக்குள் நிறுத்துவது என்று முடிவு. முதலில் 2025 டிசம்பர் என்றுதான் இருந்தது. முதியோர் கழுத்தில் அணியும் அவசர அலாரங்கள் சில புதிய இணைப்பில் வேலை செய்யாமல் போனதால், கவனமாகச் செய்வோம் என்று தள்ளிவைத்தார்கள். பிரான்சில் 2018 நவம்பருக்குப் பிறகு பழைய வகை லைனைப் புதிதாகக் கொடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் என்.பி.என். என்ற தேசிய இணைய வலைப்பின்னல் வந்த வீடுகளில் பெரும்பாலும் ஃபோனும் அதன் வழியாகத்தான். ஆகவே நீங்கள் லேண்ட்லைன் என்று நினைத்துக்கொண்டிருப்பது ஏற்கெனவே இணைய ஃபோனாக இருக்கலாம். ஃபோன் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்குள் போனால் பழைய லைனாக இருக்க வாய்ப்பு அதிகம். மோடத்தின் முதுகில் செருகியிருந்தால் நீங்கள் மாறியாகிவிட்டது. மின்சாரம், முகவரி பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

துபாய், அபுதாபி பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இணைய வழிக் குரல் அழைப்புகளை உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் வழியாகவும் அனுமதிக்கப்பட்ட செயலிகளிலும் மட்டும்தான் பேச முடியும். வேறு நாட்டில் வாங்கிய பெட்டியை அங்கே கொண்டுபோய்ச் செருகிப் பார்க்க வேண்டாம்.

எந்த வகை

மொத்தத்தில் இரண்டு வழிகள். ஒன்று, உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனமே ஃபோனும் தருவது. ஃபோனை அவர்களுடைய மோடத்தில் செருகினால் சரி, கோளாறு வந்தாலும் ஒரே இடத்தில் புகார் சொல்லலாம். மற்றது, தனி இணைய ஃபோன் நிறுவனம். அவர்கள் ஒரு சிறிய பெட்டி தருவார்கள், அல்லது நீங்களே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஏ.டி.ஏ. அடாப்டர் என்று பெயர். ஒரு பக்கம் ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிள், மறுபக்கம் உங்கள் பழைய ஃபோனின் வயர். இதில் செலவு பெரும்பாலும் குறைவு, வசதிகள் அதிகம். நிறுவனம் மாறும்போது அதே பெட்டியைப் பயன்படுத்த முடியுமா என்று மட்டும் வாங்கும்போதே கேளுங்கள். சிலர் தங்கள் சேவைக்கு மட்டும் பூட்டி வைத்த பெட்டியைத் தருவார்கள். விலகினால் அது வெறும் பிளாஸ்டிக்.

என் கட்சி இதுதான்: ரவுட்டர் செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்க்கக் கூச்சப்படாத ஒருவர் வீட்டில் இருந்தால் இரண்டாவது. அப்படி யாரும் இல்லாமல், பெரியவர்கள் மட்டும் பகலெல்லாம் இருக்கும் வீடு என்றால் கொஞ்சம் அதிகம் போனாலும் முதலாவது.

அடாப்டரிலிருந்து வரும் வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க ஃபோன் கொண்டுபோகலாம் என்று இணையத்தில் பலர் சொல்லியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் பழைய லைனை முழுசாகத் துண்டிக்காமல் இதைச் செய்தால், அந்தக் கம்பியில் வரும் மின்சாரம் அடாப்டரைக் கெடுத்துவிடும். வாடகை வீட்டில், அதுவும் அடுக்குமாடியில், அந்த வேலையே வேண்டாம். கார்ட்லெஸ் செட் ஒன்று வாங்கி, தாய் யூனிட்டை அடாப்டரில் செருகிவிட்டு, அதோடு வரும் மற்ற கார்ட்லெஸ் ஃபோன்களை அறைக்கு ஒன்றாக வைத்தால் முடிந்தது.

நம்பரை எடுத்துக்கொண்டு போவது

பள்ளி, மருத்துவர், வங்கி, குடியேற்ற அலுவலகம் என்று எல்லா இடத்திலும் கொடுத்திருக்கும் நம்பர் அது. ஊரில் இருப்பவர்கள் டைரியில் எழுதி வைத்திருப்பதும் அதுதான். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை சட்டப்படி உண்டு. ‘போர்ட்’ பண்ணுவது என்பார்கள்.

இங்கேதான் வரிசை முக்கியம். பழைய நிறுவனத்துக்கு ஃபோன் போட்டு “லைனை நிறுத்துங்கள்” என்று சொல்லாதீர்கள். லைன் நிறுத்தப்பட்டால் நம்பரும் கையை விட்டுப் போய்விடும், அப்புறம் திரும்பப் பெறுவது பெரும்பாடு. புதிய நிறுவனத்தில் கணக்குத் தொடங்குங்கள், போர்ட் கோரிக்கையை அவர்கள் வழியாகக் கொடுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாற்றம் முடியும் வரை பழைய லைனுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கு அடிக்கடி காரணம் பெயர்தான். பழைய பில்லில் இருக்கும் பெயரும் முகவரியும் கணக்கு எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நமக்கு அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு மாதிரி விழுந்திருக்கும். லைன் மாமா பெயரில் இருந்தால் மாமாதான் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே, தப்பாக இருந்தாலும் தப்பாகவே எழுதுங்கள்.

இன்னொரு பொறி டி.எஸ்.எல். இணைப்பு. உங்கள் இணையம் அதே ஃபோன் கம்பியில் வருகிறது என்றால், நம்பர் போர்ட் ஆனதும் லைன் மூடப்பட்டு இணையமும் நின்றுவிடலாம். இணையம் இல்லாமல் இணைய ஃபோன் எப்படி ஓடும்? ஃபோன் சேவை இல்லாத வெறும் டி.எஸ்.எல். (கனடாவில் ‘டிரை லூப்’) உண்டா என்று கேட்டு அதை முதலில் மாற்றுங்கள். கேபிள், ஃபைபர் வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா, இடையில் வெட்டினால் அபராதம் உண்டா என்பதையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கரண்ட் போனால்

மோடம், ரவுட்டர், அடாப்டர், கார்ட்லெஸ் தாய் யூனிட் நான்குக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்று நின்றாலும் ஃபோன் ஊமை. ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி நான்கையும் அதில் செருகினால் மணிக்கணக்கில் தாங்கும். இவை அதிகம் மின்சாரம் இழுப்பவை அல்ல. ஆனால் தெருவோரத்தில் இருக்கும் இணைய நிறுவனத்தின் பெட்டிக்கும் கரண்ட் போய்விட்டால் உங்கள் யு.பி.எஸ். ஒன்றும் செய்ய முடியாது. பனிப்புயல் அடிக்கும் ஊர்களில் இது நடக்கும். சார்ஜ் உள்ள மொபைல் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். பிரிட்டனில் மொபைல் சிக்னல் இல்லாத, லேண்ட்லைனையே நம்பியிருக்கும் வீடுகளுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்யும் வழியை நிறுவனம் தர வேண்டும் என்பது அங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் வகுத்த விதி. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

திருட்டு அலாரம், முதியோர் அலாரம், ஃபேக்ஸ் இவற்றில் எது பழைய லைனில் மாட்டியிருந்தாலும், அந்த நிறுவனத்துடன் பேசி, புதிய இணைப்பில் வேலை செய்யும் என்று உறுதி வாங்காமல் மாறாதீர்கள்.

அவசர அழைப்பும் முகவரியும்

அமெரிக்கா, கனடாவில் 911. பிரிட்டனில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. இந்த அவசர நம்பர்கள் மாறாது, ஆனால் அடாப்டர் பெட்டியை எந்த ஊரில் செருகினாலும் ஃபோன் ஓடும் என்பதால், நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. நீங்கள் கணக்கில் பதிந்து வைத்த முகவரிதான் மறுமுனைக்குப் போகும். 2005-லேயே அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு விதி கொண்டுவந்தார்கள். கனடாவில் இப்படி இடம் மாறக்கூடிய இணைய ஃபோனிலிருந்து 911 அழைத்தால், அழைப்பு முதலில் ஓர் இடைநிலை மையத்துக்குப் போகும். அங்கே இடத்தைக் கேட்டுக்கொண்டு சரியான ஊருக்கு இணைப்பார்கள்.

புதிதாக வந்தவர்கள் முதல் இரண்டு மூன்று வருடத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். பேஸ்மென்ட், பிறகு அபார்ட்மென்ட், பிறகு சொந்த வீடு. ஃபோன் பெட்டியும் கூடவே வரும், செருகியதும் வேலையும் செய்யும், அதனால் முகவரி மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வராது. ஆம்புலன்ஸ் பழைய வீட்டுக் கதவைத் தட்டும். பெட்டியை அவிழ்த்த அன்றே முகவரியை மாற்றுங்கள். யூனிட் நம்பர், பேஸ்மென்ட் என்றால் அதையும் சேர்த்து. வட அமெரிக்காவில் பல இணைய ஃபோன் நிறுவனங்களில் 933 அழுத்தினால் பதிவில் உள்ள முகவரியை வாசித்துக் காட்டும். 911-ஐ அழைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால், வீட்டு முகவரியை ஆங்கில உச்சரிப்பிலேயே தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி ஃபோனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். “செவன்டீன், யூனிட் த்ரீ” என்று அப்படியே வாசித்தால் போதும். “டமில்” என்று ஒரு வார்த்தை சொல்லவும் பழக்குங்கள். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்க்கும் ஏற்பாடு உண்டு.

பேச்சு சரியில்லை என்றால்

ஒரு அழைப்புக்குத் தேவைப்படும் வேகம் மிகக் குறைவு. நல்ல தரத்தில் பேச, போகவும் வரவும் தலா 100 கிலோபிட் இருந்தால் தாராளம். எனவே குரல் விட்டு விட்டுக் கேட்டால், பெரிய பேக்கேஜுக்கு மாறச் சொல்பவரை நம்பாதீர்கள். பெரும்பாலும் வீட்டில் யாரோ வீடியோ ஏற்றிக்கொண்டோ, ஃபோட்டோக்களை பேக்கப் எடுத்துக்கொண்டோ இருப்பார்கள்; மேலே போகும் பாதை அடைத்துக்கொள்ளும். ரவுட்டரில் ‘கியூ.ஓ.எஸ்.’ என்றொரு வசதி இருக்கும். அதில் அடாப்டருக்கு முதலிடம் கொடுங்கள். வைஃபையை நம்பாமல் கேபிளில் இணையுங்கள்.

நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை, அல்லது அரை நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் ரவுட்டரில் இருக்கும் ‘சிப் ஏ.எல்.ஜி.’ என்ற செட்டிங் அடிக்கடி காரணமாக இருக்கும். உதவி செய்வதற்காக வைத்தது உபத்திரவம் செய்கிறது. அணைத்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். வங்கிக்கு அழைத்து “ஒன்றை அழுத்தவும்” என்றதும் அழுத்தினால் அது ஏற்காமல் போனால், ‘டி.டி.எம்.எஃப்.’ முறையை, அதாவது பட்டன் அழுத்தும் ஒலியை அனுப்பும் முறையை, மாற்றித் தரும்படி ஃபோன் நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

ஊருக்குப் பேசுவது

இந்தியாவுக்கு வரம்பில்லா அழைப்பு என்று விளம்பரம் இருந்தால், மொபைலுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். இலங்கைக்கு மொபைல், லேண்ட்லைன் இரண்டுக்கும் வேறு வேறு கட்டணம் இருப்பதும் உண்டு. ‘வரம்பில்லா’ என்பதற்கு நியாயமான பயன்பாடு என்ற பெயரில் ஒரு நிமிடக் கணக்கு கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

கணக்கின் கடவுச்சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே புகுந்தவர்கள் இரவோடு இரவாக விலை உயர்ந்த வெளிநாட்டு நம்பர்களுக்கு அழைத்துத் தள்ளிவிடுவார்கள், பில் உங்கள் பெயரில் வரும். முன்பணம் கட்டும் கணக்கு என்றால் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை அணைத்து வையுங்கள். பேசும் நாடுகளை மட்டும் திறந்து மற்றவற்றைத் தடுக்க வசதி இருந்தால் தடுத்துவிடுங்கள். தெரியாத நாட்டிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திரும்ப அழைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து நம்பரும் வந்து சேர்ந்த பிறகு, வேறொரு ஃபோனிலிருந்து உங்கள் நம்பருக்கு அழைத்துப் பாருங்கள், அடிக்கிறதா என்று. பிறகு பழைய நிறுவனத்துக்கு அழைத்து, கணக்கு மூடப்பட்டதற்கான உறுதியை மின்னஞ்சலில் கேளுங்கள். அவர்களுடைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்கி, குறைந்தது ஆறு மாதம் வைத்திருங்கள். திருப்பித் தரவில்லை என்று கடைசி பில்லில் மோடத்துக்கு விலை போட்டு அனுப்புவது நடக்கிற விஷயம்தான். ரசீதைக் காட்டினால் கழித்துவிடுவார்கள்.