எம்.ஜி.பி. கார் நடுங்கினால்: பாகத்தை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்.ஜி.பி., பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கை வைக்க எளிதான ஒன்று. முன்னால் 1798 சிசி இன்ஜின், அதை ஒட்டி கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்னால் போகும் ஒரே ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு), லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த ஆக்ஸில் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு). அவ்வளவுதான். ஆனாலும் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்துவிட்டால், இந்த எளிய காருக்கே பலர் மாதக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். டயர் மாற்றுவார்கள், அப்புறம் ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பின் சிலுவைத் துண்டு), அப்புறம் ஷாஃப்டையே மாற்றுவார்கள். நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

எது சுழலும்போது கார் நடுங்குகிறது என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இந்தக் காரின் கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) விகிதம் 3.909. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட நாலு சுற்று. வழக்கமான 165 அளவு, 14 அங்குல டயரோடு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்குச் சுமார் 14 சுற்று, ஷாஃப்ட் சுமார் 57 சுற்று. நாலாவது கியரில் இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகம்தான். டாக்கோமீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 3,400 பக்கம் நிற்கும். சக்கரத்தின் 14, சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் உதறலாகத் தெரியும். ஷாஃப்டின் 57, தரையிலும் கியர் லீவரிலும் ரீங்காரமாக வரும், பின்பார்வைக் கண்ணாடியில் உருவம் மங்கும். இந்த வித்தியாசத்தைக் கையும் காலுமே ஓரளவு சொல்லிவிடும்.

இன்ஜினையும் ஷாஃப்டையும் பிரிப்பதுதான் அடுத்த வேலை. ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள காராக இருந்தால் அதிர்ஷ்டம். நடுக்கம் அதிகமாக இருக்கும் வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். இன்ஜின் 3,400இலிருந்து சுமார் 2,700க்கு இறங்கும். ஷாஃப்டும் சக்கரமும் இருந்த வேகத்திலேயே ஓடும். நடுக்கம் மாறவே இல்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். சட்டென்று போய்விட்டால் இன்ஜின், ஃபிளைவீல், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். ஓவர்டிரைவ் இல்லையா? 80 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரிலும் மூன்றாவதிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் 2,700க்கும் 3,700க்கும் இடையே மாறும், பின்பக்கம் மாறாது. காலி ரோட்டில், பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு பாகம்கூட வாங்கக் கூடாது என்பேன்.

இதே ஓட்டத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால், அது பெரும்பாலும் பேலன்ஸ் கோளாறு இல்லை. எடை ஒரு பக்கமாக இருக்கும் ஷாஃப்டுக்கு நீங்கள் மிதிக்கிறீர்களா விடுகிறீர்களா என்பது பெரிய விஷயமில்லை, வேகம்தான் கணக்கு. இழுவை வரும்போது ஆக்ஸிலின் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனை) சற்றே தூக்கும், அதனால் ஜாயின்ட்டின் கோணம் மாறும். அப்போது மட்டும் வரும் நடுக்கத்துக்குத் தளர்ந்த ஜாயின்ட், ஓய்ந்துபோன லீஃப் ஸ்பிரிங், நைந்த இன்ஜின் மவுண்ட் ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, கியரைப் போட்டு ஓடவிட்டு, "இதோ ஷாஃப்ட் ஆடுகிறது" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பாடிக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தால் ஆக்ஸில் கீழே தொங்கும். ரோட்டில் இல்லாத கோணத்தில் ஜாயின்ட்டுகள் சுழலும், நல்ல ஷாஃப்ட்கூட அப்போது அதிரும். ஸ்டாண்டை ஆக்ஸில் குழாய்க்கு அடியில் வைத்து, ஸ்பிரிங் வழக்கமான உயரத்துக்கு அமுங்கிய நிலையில் பார்த்தால்தான் அர்த்தம் உண்டு. அப்படி வைத்தாலும் ஓடும் காருக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது.

ஜாயின்ட்டைச் சோதிப்பதிலும் அவசரம் கூடாது. ஷாஃப்ட் காரில் இருக்கும்போதே கையால் ஆட்டிப் பார்த்து, "ஆட்டம் இல்லை, நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆட்டம் இல்லாத ஜாயின்ட்டும் கெட்டிருக்கலாம். இரண்டு முனையிலும் நாலு நாலு போல்ட்தான். கழற்றி மேஜைமேல் வையுங்கள். ஒவ்வொரு யோக்கையும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை வடிவத் துண்டு) இரண்டு திசையிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். நடு நிலைக்கு வரும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் விழுவது மாதிரி 'டக்'கென்று நின்றால், ஊசி பேரிங்குகள் கிராஸில் தடம் பதித்துவிட்டன என்று பொருள். ஒரு திசையில் இறுக்கமாகவும் மறு திசையில் லேசாகவும் போனால் அதுவும் தப்பு. புதிதாகப் போட்ட ஜாயின்ட்டிலேயே இது வரும்: வைஸில் வைத்து அழுத்தும்போது ஒரு ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிடும். கப் முழுதாக உள்ளே போகாது, சர்க்கிளிப் (கப்பைப் பூட்டும் வளையம்) பள்ளத்தில் சரியாக உட்காராது. அதைச் சுத்தியால் அடித்து உட்காரவைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கழற்றி ஊசிகளை எண்ணிப் பாருங்கள்.

ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பற்கள் கொண்ட இணைப்பு) விஷயத்துக்கு வருவோம். சாய்வான கோணத்தில் இருக்கும் ஒரு ஜாயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை இரண்டு முறை வேகப்படுத்தி இரண்டு முறை மெதுவாக்கும். மறுமுனை ஜாயின்ட் அதே கோணத்தில் இருந்து, ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், ஒன்று செய்வதை மற்றது சரிக்கட்டிவிடும். எம்.ஜி.பி. ஷாஃப்டின் முன்பக்கம் நீள்வதற்கும் சுருங்குவதற்கும் ஒரு ஸ்ப்ளைன் இருக்கிறது. கிரீஸ் போடுவதற்காக அதைப் பிரித்து, குறி பார்க்காமல் மாட்டினால் யோக்குகள் கோணலாகிவிடும். அப்புறம் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. பிரிக்கும் முன் இரண்டு துண்டின் மீதும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஃபிளாஞ்சுகளிலும் (இரு முனையிலும் போல்ட் மாட்டும் தட்டுகள்) ஒரு கோடு.

அழகுக்காகப் பின்பக்கத்தை இறக்கிய கார்களில் கோணங்கள் இரண்டும் சமமாக இல்லாமல் போகலாம். ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைத்த கட்டை சரிவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வயர் வீல் (கம்பி ஆரங்கள் உள்ள சக்கரம்) தனிக் கதை. ஹப்பில் (சக்கரம் மாட்டும், பற்கள் உள்ள நடுப்பகுதி) அது உட்காருவது உள்ளும் வெளியும் இருக்கும் கூம்பு வடிவச் சரிவுகளில்தான். டயர் கடையில் கிடைத்த கோனைப் பற்களின் விளிம்பில் முட்டவைத்துப் பேலன்ஸ் செய்தால், மெஷின் பூஜ்யம் காட்டும், கார் நடுங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பேலன்ஸ் முடிந்ததும் சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி மாட்டி, மறுபடி சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யம் வந்தால்தான் அந்தப் பேலன்ஸை நம்பலாம். சக்கரம் கழன்றிருக்கும்போதே ஹப் பற்களையும் பாருங்கள். நுனி கூராகத் தேய்ந்திருந்தால் ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல மாதம் நின்ற காராக இருந்தால் டயரின் வயதும் அதில் தட்டையான இடமும் முதல் சந்தேகம்.

இப்போது பலர் ஃபோன் செயலியைச் சீட்டில் வைத்து அதிர்வை அளக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. செயலி நொடிக்கு 100 முறை மட்டும் அளந்தால், 50க்கு மேற்பட்ட அதிர்வை அது சரியாகக் காட்டாது. ஷாஃப்டின் 57ஐ 43 என்று காட்டக்கூடும். அதைவிட மோசம்: கோணலான யோக்கிலிருந்து வரும் இரட்டை அதிர்வு 114, அது திரையில் 14 என்று வரலாம். சக்கரத்தின் எண்ணும் அதேதான்! இதை நம்பி நாலு டயரையும் மாற்றிவிடாதீர்கள். நொடிக்கு 400 முறையாவது அளக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால்தான் ஷாஃப்டின் பேலன்ஸுக்குப் போக வேண்டும். முதலில் பின்முனை ஃபிளாஞ்சை அரைச் சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். சில கார்களில் இதுவே போதும். குறையவில்லை என்றால் ஷாஃப்டின் பின்முனையில் ஹோஸ் கிளிப் ஒன்றை இறுக்கி, அதன் திருகை ஒவ்வொரு முறையும் கால் சுற்று நகர்த்தி ஓட்டுங்கள். ஓரிடத்தில் நடுக்கம் தெளிவாகக் குறைந்தால் பேலன்ஸ் கோளாறு உறுதி. கிளிப்பை அப்படியே விட்டு ஓட்ட வேண்டாம். ஷாஃப்டைக் கழற்றி, ஜாயின்ட்டுகளும் ஸ்ப்ளைனும் மாட்டிய நிலையில், முழுதாகவே பேலன்ஸ் செய்யும் கடைக்குக் கொடுங்கள்.