ஃபெர்மி தரவை வைத்துக் காமா கதிர் வெடிப்பின் திசையைக் கணக்கிடுவது எப்படி?

காமா கதிர் வெடிப்பு என்பது விண்வெளியிலிருந்து குறுகிய நேரம் மின்னி மறையும் காமா கதிர் வீச்சு. காமா கதிரை ஆடியாலோ வில்லையாலோ குவித்துப் படமெடுக்க முடியாது. 2008 ஜூனில் நாசா ஏவிய ஃபெர்மி விண்கலத்தில் உள்ள, இத்தகைய வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவி அந்த முயற்சியிலேயே இறங்கவில்லை. வெவ்வேறு திசை பார்த்த 12 சோடியம் அயோடைடு உணரிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தது என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான் அதன் மூலதனம். பைத்தான் நிரல்மொழியும் அதன் வானியல் தொகுப்பான ஆஸ்ட்ரோபையும் இருந்தால் அந்த எண்ணிக்கையிலிருந்து திசையை நாமே எடுக்கலாம்.

பயிற்சிக்கு 2017 ஆகஸ்ட் 17 வெடிப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி, அதில் எழுந்த ஈர்ப்பலை (வெளியையே அசைக்கும் அலை) வந்து 1.7 விநாடி கழித்துப் பதிவானது. மங்கலான வெடிப்புதான். ஆனால் சரியான விடை வேறு வழியில் தெரிந்திருப்பதால் நம் கணக்கைச் சரிபார்க்கலாம்.

படி 1: தரவு

நாசாவின் ஹீசார்க் என்ற இணையத் தரவுக் காப்பகத்தில் எல்லாம் இலவசம். தேட வேண்டிய எண் 170817529. முதல் ஆறு இலக்கம் தேதி, கடைசி மூன்று, நாளின் பின்னம் (12:41 மணி என்பது நாளில் 0.529). 12 உணரிகளுக்கும் டிடிஇ (ஃபோட்டான் வாரியான பதிவு) கோப்புகளையும், விண்கலம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று சொல்லும் நிலைப்பதிவுக் கோப்பையும் இறக்குங்கள். டிடிஇ கோப்பில் ஒவ்வொரு ஃபோட்டானின் நேரமும் 2 மைக்ரோ விநாடித் துல்லியத்தில் இருக்கும். ஆற்றல், 128 ஆற்றல் பிரிவுகளில் ஒன்றாக இருக்கும்.

படி 2: ஒளி வளைகோடு (நேரத்தோடு எண்ணிக்கை மாறும் வரைபடம்)

50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள ஃபோட்டான்களை மட்டும் வைத்து, 64 மில்லி விநாடித் துண்டுகளாக எண்ணுங்கள். மங்கலான வெடிப்பு என்பதால் 256 மில்லி விநாடியிலும் ஒருமுறை பாருங்கள்; தெளிவாகத் தெரியும்.

படி 3: பின்னணியை (வெடிப்பு இல்லாதபோதும் விழும் எண்ணிக்கையை) கழித்தல்

பலர் சறுக்குவது இங்கேதான். வெறும் சராசரி எடுக்காதீர்கள். ஃபெர்மி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றுவதால் பின்னணி சாய்வாக ஏறி இறங்கும். தூண்டல் நேரத்துக்கு (வெடிப்பைக் கண்டதாகக் கருவி பதிந்த கணத்துக்கு) 25 முதல் 5 விநாடி முன்பும், 10 முதல் 40 விநாடி பின்பும் உள்ள பகுதிகளில் ஒருபடி அல்லது இருபடிக் கோவையைப் பொருத்தி, வெடிப்பு நேரத்தின் பின்னணியை அதிலிருந்து கணித்துக் கழியுங்கள். முதல் துடிப்புக்குப் பின் ஆற்றல் குறைந்த வால் ஒன்று சுமார் 2 விநாடி வரை நீள்கிறது. அதைப் பின்னணியில் சேர்த்தால் சமிக்ஞையை நாமே தின்றுவிடுவோம்.

படி 4: நிஜமா, பொய்யா?

ஒரு துண்டில் பின்னணி 100 என்றால் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், 10. அதைப்போல 4.5 மடங்கு கூட வேண்டும், அதாவது 145. கருவி வழக்கமாகக் குறைந்தது இரண்டு உணரிகளில் இப்படி ஏறினால்தான் ஏற்றுக்கொள்ளும். ஒன்றில் மட்டும் ஏறினால் அந்த உணரியின் கோளாறாக இருக்கலாம். பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினால் மின்னேற்றத் துகள்களைச் சந்தேகியுங்கள்.

படி 5: திசை

உணரிகள் 12.7 செ.மீ. விட்டமும் 1.27 செ.மீ. தடிமனும் கொண்ட தட்டையான வட்டுகள். நேராக விழும் கதிரை முழுதாகப் பிடிக்கும். 60 பாகை சாய்ந்தால் பாதிதான். இதுவே கோசைன் விதி.

விண்கலத்தின் அச்சில் என்1 உணரி திசைக்கோணம் 45, உச்சிக்கோணம் 45 பாகையிலும், என்2 58, 90 பாகையிலும், என்5 3, 90 பாகையிலும் பார்க்கின்றன. நம் வெடிப்புக்கு இம்மூன்றும்தான் முகம் கொடுத்தவை. வானத்தை 1 பாகைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, கிடைத்ததோடு கை-வர்க்க முறையில் (வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பார்க்கும் முறை) ஒப்பிடுங்கள்; கூட்டல் மிகக் குறைவாக வரும் கட்டமே விடை. வெடிப்பின் பிரகாசம் நமக்குத் தெரியாததால், கட்டத்துக்குக் கட்டம் அதைத் தனியாகப் பொருத்த வேண்டும். பன்னிரண்டையும் சேருங்கள், ஒன்றும் பார்க்காத உணரியும் சாட்சிதான். பூமி மறைக்கும் கட்டங்களை நீக்கிவிடுங்கள். வானத்தில் சுமார் 30 விழுக்காடு அப்படியே கழிந்துவிடும்.

படி 6: வான ஆயங்களுக்கு மாற்றுதல்

இதுவரை கிடைத்தது விண்கலத்தின் அச்சில் உள்ள திசை. அதை நிலைப்பதிவுக் கோப்பின் குவாட்டர்னியனை (சுழற்சியைக் குறிக்கும் நான்கு எண்கள்) கொண்டு சுழற்றுங்கள். ஃபெர்மியில் அதன் திசையிலி எண் (ஸ்கேலார்) பகுதி கடைசியில் வரும்; சில நிரல்கள் அதை முதலில் எதிர்பார்க்கும்.

விடையை ஒரு புள்ளியாகச் சொல்லாதீர்கள். பூமியின் வளிமண்டலத்தில் பட்டுச் சிதறும் கதிரும் உணரிகளுக்குள் வரும். வெறும் கோசைன் அதைக் கணக்கில் எடுக்காததால் திசை இழுபடும். சிதறலையும் சேர்த்த அட்டவணைகளை வைத்திருக்கும் ஜிபிஎம் குழுவுக்கே, பிரகாசமான வெடிப்புகளில்கூடச் சில பாகை முறைசார் பிழை எஞ்சுகிறது. இந்த வெடிப்புக்கு அவர்களின் 90 விழுக்காட்டுப் பரப்பு (வெடிப்பு உள்ளே இருக்க 90 விழுக்காடு வாய்ப்புள்ள வானப் பகுதி) சுமார் 1100 சதுர பாகை. ஈர்ப்பலைக் கருவிகள் அதைச் சுமார் 30 சதுர பாகையாகச் சுருக்கிய பிறகே தொலைநோக்கிகள் வெடிப்பு நிகழ்ந்த என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தை எட்டின.

அந்த மண்டலம் வல ஏற்றம் 197.4, நடுவரை விலக்கம் −23.4 பாகையில் (வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை போன்றவை) உள்ளது. உங்கள் பரப்பு அதைத் தொடாமல் வெகுதூரம் போயிருந்தால் முதலில் குவாட்டர்னியன் வரிசையைப் பாருங்கள், அடுத்து பூமி மறைப்பை, அதற்குப் பிறகு பின்னணிப் பொருத்தத்தை.