ஸ்காட்லாந்து பைன் காட்டில் முதல் நாள்: எங்கே போவது, எப்படி உட்கார்வது, எதைப் பார்ப்பது

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எடின்பரோ கோட்டை, லாக் நெஸ், ஸ்கை தீவு என்று ஓடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் வரும் காட்டில் இறங்குபவர்கள் குறைவு. இறங்கினாலும் "வெறும் மரம்தானே இருக்கு" என்று அரை மணி நேரத்தில் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். விலங்குகள் அங்கே நிறையவே உண்டு. ஆனால் பேசிக்கொண்டே நடந்துபோகிறவர் கண்ணில் அவை படுவதில்லை. முதல் முறை போகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: காட்டைத் தேர்ந்தெடுங்கள்

பச்சையாகத் தெரிவதெல்லாம் பழைய காடு இல்லை. ஒரே உயரத்தில், வரிசை பிசகாமல், உள்ளே இருட்டாக நிற்பது பெரும்பாலும் மரம் வெட்டி விற்பதற்காக நட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத் தோட்டம். உங்களுக்கு வேண்டியது கலிடோனியன் காடு என்று சொல்லப்படும் இயற்கையான பைன் காடு. பனியுகம் முடிந்த பிறகு ஸ்காட்லாந்து மலைநாட்டின் (ஹைலேண்ட்ஸ்) பெரும்பகுதியில் பரவியிருந்த அந்தக் காட்டில் இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம் இருக்கிறது.

முதல் முறைக்கு என் சிபாரிசு, கேர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரோதிமர்க்கஸ் காடு. 2003இல் அமைந்த இந்தப் பூங்கா 4,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ளது, பிரிட்டனிலேயே பெரியது. காட்டுக்குள் லாக் அன் ஐலன் என்ற ஏரி. அதைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குச் சமதளமான பாதை. வயதானவர்களும் பிள்ளைகளும் நடக்கலாம், வழி தவறவும் வாய்ப்பில்லை.

பக்கத்து ஊர் அவிமோர். எடின்பரோவிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். இன்வர்னஸிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். லண்டன் யூஸ்டனில் இரவு கலிடோனியன் ஸ்லீப்பரில் ஏறினால் மறுநாள் காலை அவிமோரிலேயே இறங்கலாம். அங்கிருந்து ஏரிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். டாக்ஸி, வாடகை சைக்கிள், நடை, எதுவானாலும் சரி.

அனுமதிச் சீட்டு, வழிகாட்டி, ஜீப் எதுவும் வேண்டாம். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, தனியார் நிலமாக இருந்தாலும் பொறுப்போடு நடந்துகொள்கிற யாரும் உள்ளே நடக்கலாம். கார் நிறுத்தக் கட்டணம் மட்டும் இருக்கும். பொறுப்பு என்றால் என்ன என்பதற்குக் கீழே ஒரு பறவையின் கதையே வருகிறது.

படி 2: மாதம் பாருங்கள்

மே மாதம்தான் புதியவர்களுக்குச் சரி. பறவைகள் பாடும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மிட்ஜ் தொல்லை பெரிதாகத் தொடங்கியிருக்காது. மிட்ஜ் என்பது கொசுவைவிடப் பல மடங்கு சின்னதான கடிப்பூச்சி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத காலையிலும் மாலையிலும் கூட்டம் கூட்டமாக வந்து காது, நெற்றி, தலைமயிர் வகிடு என்று எதையும் விடாது. கொஞ்சம் காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. அதனால் கோடையில் போனால் காட்டின் நடுவே நிற்காமல் காற்றடிக்கும் ஏரிக்கரையில் உட்காருங்கள். தலைக்குப் போடும் வலை ஒன்று கடைகளில் கிடைக்கும். போட்டால் பார்க்க வேடிக்கையாக இருக்கும், வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் செம்மான்களின் இணைசேரும் காலம். கலைமான்களைப் போலக் கிளைத்த கொம்புள்ள ஆண்கள் மலைச்சரிவில் உறுமுவது தூரத்துக்குக் கேட்கும். டிசம்பரில் மாலை மூன்றரைக்கே சூரியன் இறங்கிவிடும். முதல் முறைக்கு அது வேண்டாம்.

படி 3: உடுப்பு

மழைச் சட்டை கட்டாயம் வேண்டும், ஆனால் கை அசைத்தால் சரசரவென்று சத்தம் போடும் வகை வேண்டாம். மானுக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. வெளிர் நிற பேன்ட் போட்டு அதன் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அழகுக்கு அல்ல, உண்ணிக்கு; அதைக் கடைசியில் சொல்கிறேன். பைனாகுலர் வாங்குவதானால் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

படி 4: முதலில் தரையைப் பாருங்கள்

காட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் மேலேதான் பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள்.

பைன் கூம்புகள் கிடக்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். செதில்கள் முழுக்கக் கடித்து எடுக்கப்பட்டு, நடுத்தண்டு மட்டும் நுனியில் நாலைந்து செதிலோடு மிஞ்சியிருந்தால், மக்காச்சோளம் தின்று போட்ட சக்கை மாதிரி இருந்தால், அது செவ்வணில் வேலை. செதில்கள் உதிராமல் நெடுக்காகக் கிழிந்து மட்டும் இருந்தால் கிராஸ்பில் பறவை தின்றது. அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் நுனியில் ஒன்றையொன்று தாண்டிப்போகும் பறவை அது. அந்த அலகைச் செதிலுக்குள் விட்டு நெம்பித்தான் விதையை எடுக்கும். அதில் ஸ்காட்டிஷ் கிராஸ்பில் என்ற இனம் உலகில் வேறெங்கும் கிடையாது. ஆனால் உறவுக்காரப் பறவைகளிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லப் பறவை நிபுணர்களுக்கே குரலைப் பதிவுசெய்து பார்க்க வேண்டியிருக்கும். நாம் "கிராஸ்பில்" என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

கூம்புச் சக்கை ஒரே மரத்தடியில் குவிந்து கிடக்கிறதா? அந்த மரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதையோரம் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த பைன் ஊசிகளைக் குவித்த மேடு தெரிந்தால் அது மர எறும்புப் புற்று. குச்சியால் கிளற வேண்டாம். உள்ளங்கையைப் புற்றுக்கு ஒரு சாண் மேலே கொஞ்ச நேரம் பிடியுங்கள். எறும்புகள் வயிற்றை வளைத்து மேல்நோக்கி அமிலம் பீய்ச்சும். கையை முகர்ந்தால் வினிகர் நெடி மூக்கில் ஏறும். பிள்ளைகளோடு போனால் இந்த ஒன்றுக்காகவே அவர்கள் இன்னொரு முறை வரச் சொல்வார்கள்.

இன்னொன்று: பெரிய பழைய பைன் மரத்தடியில் முழங்கால் உயரப் பைன் கன்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓநாய்கள் ஒழிந்த நாட்டில் மான் பெருகி, பல காடுகளில் கன்று முளைத்ததும் மேய்ந்துவிடும். நிற்பதெல்லாம் கிழட்டு மரங்கள்தான். வேலி போட்டால் மான் வராது, ஆனால் தாழப் பறக்கும் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழிகள் அந்தக் கம்பியில் மோதிச் சாகின்றன. பக்கத்து அபர்நெத்தி காட்டை 1988இல் வாங்கிய ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு, வேலியை நம்பாமல் மான் எண்ணிக்கையைக் குறைத்துக் கன்றுகளை வளரவிட்டது. மானைச் சுடுவதா என்று மனசு கேட்காதுதான். கன்றே இல்லாத காட்டை ஒருமுறை பார்த்தால் கணக்கு புரியும்.

படி 5: உட்காருங்கள்

இதுதான் முக்கியமான படி; எல்லாரும் தாண்டிப்போவதும் இதைத்தான். குறித்து வைத்த மரத்திலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, பாதையோரத்திலேயே, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். போன் சத்தத்தை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம். காலை ஏழு மணிக்குள் என்றால் நடைக்கு வருபவர்களும் இருக்க மாட்டார்கள்.

முதலில் பெரும்பாலும் காதுக்குத்தான் ஏதாவது எட்டும். செவ்வணில் மரப்பட்டையில் நகம் கீற ஏறும் சத்தம், கூம்புச் செதில்கள் பொலபொலவென்று உதிரும் சத்தம். சத்தம் வந்த பக்கம் தலையை மெதுவாகத் திருப்புங்கள். குளிர்காலத்தில் காது நுனியில் நீண்ட மயிர்க்குஞ்சம் இருக்கும்; கோடையில் அது உதிர்ந்துபோகும். பிரிட்டனின் செவ்வணில்களில் பெரும்பங்கு ஸ்காட்லாந்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்துப் பூங்காக்களில் ஓடும் சாம்பல் அணில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது சுமக்கும் அம்மை வைரஸ் செவ்வணிலைக் கொல்லும்.

மேலே கிளையில் நடுக்கத்தோடு உருளும் சின்னக் குரல் கேட்டால் அது கொண்டைப் பட்டாணிக்குருவியாக இருக்கலாம். பிரிட்டனில் ஸ்காட்லாந்து மலைநாட்டை விட்டால் அதைக் காண முடியாது. பட்டுப்போன பைன் கட்டையில் பொந்து குடைந்து முட்டையிடும். காட்டைச் 'சுத்தப்படுத்தி' காய்ந்த மரத்தை அகற்றாமல் விட்டிருப்பது அதனால்தான்.

பைன் மார்ட்டன் என்பது மரமேறும், கீரி மாதிரியான ஒரு விலங்கு, இரவு உலாவி. பகலில் பார்ப்பது அதிர்ஷ்டம். நம் நீலகிரி மார்ட்டனின் நெருங்கிய சொந்தம் அது. நீலகிரி மார்ட்டனுக்குத் தொண்டை மஞ்சள், பைன் மார்ட்டனுக்கு வெளிர் கிரீம். பாதையின் நடுவில் கல்மேல் முறுக்கிய எச்சம் கிடந்தால் இவர் வந்துபோனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏரி நடுவே பாழடைந்த கோட்டை தெரியும். 1899 வரை அதன் சுவர்மேல் விராலடிப்பான், அதாவது ஆஸ்ப்ரே என்ற மீன் தின்னும் பருந்து, கூடு கட்டியது. சுட்டும் முட்டை திருடியும் அந்தப் பறவையை விரட்டினார்கள். 1954இல் இதே ஸ்பே பள்ளத்தாக்கில் மறுபடி வந்து குஞ்சு பொரித்தது. 1958இல் லாக் கார்ட்டன் ஏரிக்கரைக் கூட்டில் முட்டைத் திருடன் கைவைத்தான். மறுவருடம் ஆர்எஸ்பிபி ஒளித்துவைப்பதை விட்டு, காவலும் போட்டு, மக்களையே அழைத்துவந்து தூரத்திலிருந்து கூட்டைக் காட்டியது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஏரிகளின் மேல் வானத்தைக் கவனியுங்கள். பிறகு அது மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும்.

படி 6: பாதையை விட்டு இறங்காதீர்கள்

வேலியில் மோதிச் சாகிறது என்று சொன்ன, வான்கோழி அளவுள்ள கேப்பர்கெய்லி இந்தக் காடுகளில் வாழ்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனில் அற்றுப்போய், 1837இல் ஸ்வீடனிலிருந்து மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2021-22 கணக்கெடுப்பில் 532 என்ற மதிப்பீடுதான் வந்தது. ஆண்கள் கூடி ஆடும் இடத்தில் வசந்த காலத்தில் ஒருவர் புகுந்தாலும் ஆட்டம் கலையும், இணைசேர்வது தடைபடும். அப்படித் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். ஆகவே இந்தப் பறவையை மட்டும் தேடிப் போகாதீர்கள். எதேச்சையாகக் கண்ணில் பட்டால் நிற்காமல் நகருங்கள், இடத்தை இணையத்தில் போடாதீர்கள். நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள். நெருப்பு மூட்ட வேண்டாம். தரையே காய்ந்த ஊசியும் கரிமண்ணும்தான்.

படி 7: அறைக்குத் திரும்பியதும்

குளிப்பதற்கு முன் உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால். கசகசா அளவில்கூட இருக்கும். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் வைப்பது, நெருப்பால் சுடுவது வேண்டாம்.

உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள், சில சமயம் மூன்று மாதம் கழித்தும், கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவும். நம் மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தடிப்பே வராமல் காய்ச்சலும் அசதியுமாகவும் வரலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு அப்படி ஏதாவது வந்தால், ஸ்காட்லாந்துக் காட்டில் நடந்தேன், உண்ணி கடித்திருக்கலாம் என்று டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும், நம் ஊரில் அவ்வளவாகப் பார்க்காத நோய் என்பதால் அவராகக் கேட்க மாட்டார்.