ஐஆர்சி5 ரோபோ கன்ட்ரோலரில் டிவைஸ்நெட் மாட்யூலைச் சோதிப்பதும் மாற்றுவதும்

ஏபிபி நிறுவனத்தின் ஐஆர்சி5 கன்ட்ரோலர் 2004-இல் வெளிவந்தது. அதன் பின் ஓம்னிகோர் என்ற புதிய தலைமுறை வந்துவிட்டபோதிலும், வெல்டிங், பொருள்களை எடுத்து வைத்தல், இயந்திரங்களுக்கு உதிரிகளை ஊட்டுதல் போன்ற பணிகளில் ஐஆர்சி5 இன்றும் பரவலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. பொருளைப் பிடிக்கும் கிரிப்பர், சென்சார், காற்று வால்வு ஆகியவற்றோடு பேசும் பொறுப்பு இவற்றில் பலவற்றில் டிவைஸ்நெட் என்ற தொழிற்சாலை நெட்வொர்க் வழியாக இணைக்கப்பட்ட டிஎஸ்கியூசி 652 என்ற மாட்யூலிடம் இருக்கிறது. 24 வோல்ட்டில் இயங்கும் 16 உள்ளீடுகளும் 16 வெளியீடுகளும் அதில் உள்ளன. அந்த மாட்யூலோ, மெயின் கம்ப்யூட்டரில் செருகப்பட்டு நெட்வொர்க்கை வழிநடத்தும் டிவைஸ்நெட் மாஸ்டர் கார்டோ தொடர்பை இழந்தால், ரோபோவின் மோட்டார்களும் டிரைவ்களும் நன்றாக இருந்தும் உற்பத்தி நின்றுவிடும்.

அவ்வாறு நிற்கும்போது கையில் இருக்கும் உதிரி மாட்யூலை உடனே எடுத்து மாட்டிப் பார்க்கும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேபிள், டெர்மினேட்டர் (கேபிளின் முனைகளில் வைக்கும் ரெசிஸ்டர்), 24 வோல்ட் சப்ளை ஆகிய மூன்றையும் அளந்து பார்த்து, அவற்றில் குறையில்லை என்று உறுதியான பிறகே மாட்யூலின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். சப்ளையில் உள்ள கோளாறு பழைய மாட்யூலைக் கெடுத்திருந்தால், அதே கோளாறு புதியதையும் கெடுக்கும். பழுது கேபிளில் இருந்தாலோ, பழைய கனெக்டரை அசைத்து மாட்டியதால் தொடர்பு தற்காலிகமாகத் திரும்பி, இரண்டு வாரம் கழித்து இரவு ஷிஃப்டில் மீண்டும் அறுந்துபோகும்.

ஃபிளெக்ஸ்பென்டன்ட் என்ற கையடக்கத் திரையின் நிகழ்வுப் பதிவில் 71058 என்ற எண் தென்பட்டால், ஒரு ஐ.ஓ. (உள்ளீடு-வெளியீடு) சாதனத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். எந்தச் சாதனம் என்பதையும் அப்பதிவே பெயரோடு குறிப்பிடும். ஒரே சாதனம் மட்டும் விழுந்திருக்கிறதா, அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாச் சாதனங்களும் ஒன்றாக விழுந்திருக்கின்றனவா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒன்றாக விழுந்திருந்தால், தனி மாட்யூலைவிட நெட்வொர்க் சப்ளையோ, பிரதான கேபிளோ, மாஸ்டர் கார்டோ காரணமாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

அடுத்து மாட்யூலின் முகப்பில் உள்ள எம்.எஸ்., என்.எஸ். என்ற இரு விளக்குகளைப் படிக்க வேண்டும். எம்.எஸ். மாட்யூலின் சொந்த நிலையைக் காட்டுகிறது, என்.எஸ். நெட்வொர்க்கின் நிலையைக் காட்டுகிறது. இரண்டும் நிலையான பச்சையாக இருந்தால் தொடர்பு சரியாக இருக்கிறது. என்.எஸ். பச்சையாக மின்னினால், மாட்யூல் நெட்வொர்க்கைக் கண்டுகொண்டது, ஆனால் மாஸ்டர் அதனோடு இணைப்பை ஏற்படுத்தவில்லை. கட்டமைப்பில் உள்ள முகவரி தவறாக இருக்கும்போது இப்படி நேரும். என்.எஸ். சிவப்பாக மின்னினால், இருந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது. நிலையான சிவப்பாக எரிந்தால், ஒரே முகவரியில் இரு சாதனங்கள் இருக்கின்றன, அல்லது பிழைகள் மிகுந்து மாட்யூல் தன்னையே நெட்வொர்க்கிலிருந்து விலக்கிக்கொண்டது. இரு விளக்குகளும் எரியவே இல்லையென்றால் 24 வோல்ட் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். சப்ளை சரியாக இருந்தும் எம்.எஸ். நிலையான சிவப்பாக எரியுமானால், அது மாட்யூலே பழுதானதற்கான வலுவான சான்று.

இரு விளக்குகளும் பச்சையாக இருந்தும் எட்டு வெளியீடுகள் ஒன்றாகச் செத்துக் கிடப்பது இன்னொரு வகைக் கோளாறு. டிஎஸ்கியூசி 652-இல் வெளியீடுகள் எட்டெட்டாக எக்ஸ்1, எக்ஸ்2 என்ற இரு கனெக்டர்களில் பிரிந்துள்ளன. ஒவ்வொன்றிலும் 9-ஆவது முனை 0 வோல்ட், 10-ஆவது முனை 24 வோல்ட். இந்த சப்ளை நெட்வொர்க் சப்ளையிலிருந்து தனியாக வருவதால், அதன் ஃபியூஸ் போனாலும் விளக்குகள் பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். மாட்யூலைக் கழற்றுவதற்கு முன் அந்த இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

டிவைஸ்நெட் கேபிளில் ஐந்து கம்பிகள் உண்டு: சிவப்பு 24 வோல்ட், கருப்பு 0 வோல்ட், வெள்ளை கேன்-ஹை, நீலம் கேன்-லோ (இவ்விரண்டும் தகவலைக் கடத்துபவை), உறையற்ற வெறும் கம்பி மின்குறுக்கீட்டைத் தடுக்கும் ஷீல்டு. பிரதான கேபிளின் இரு முனைகளிலும் வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே 121 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தை முழுவதும் அணைத்துவிட்டு வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே அளந்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து ஏறத்தாழ 60 ஓம் காட்டும். 120 ஓம் காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை அல்லது இடையில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. 40 ஓம் அளவில் காட்டினால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டார்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கினால் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கோளாறுகளுக்குச் செலவாகும் நேரத்தை இந்த ஒரே அளவீடு மிகவும் குறைத்துவிடும் என்பதால், ரோபோ நல்ல நிலையில் இருக்கும் நாளிலேயே இதை அளந்து கன்ட்ரோலர் கதவின் உட்புறம் எழுதி வைப்பது நல்லது.

பிறகு மின்சாரத்தைக் கொடுத்து, மாட்யூலின் கனெக்டரிலேயே சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே மின்னழுத்தத்தைப் பாருங்கள். டிவைஸ்நெட் சாதனங்கள் 11 முதல் 25 வோல்ட் வரை தாங்கி இயங்கும்படி வரையறுக்கப்பட்டுள்ளன; ஆயினும் கடைசி மாட்யூலில் 24 வோல்ட்டிலிருந்து பெரிதும் குறைந்திருந்தால், தளர்ந்த திருகு அல்லது அரித்துப்போன முனை ஒன்று வழியில் இருக்கிறது. ஷீல்டு ஒரே ஓர் இடத்தில்தான் நிலத்தோடு இணைய வேண்டும். வெல்டிங் கேபிளும் மோட்டார் கேபிளும் டிவைஸ்நெட் கேபிள் செல்லும் அதே டிரேயில் கட்டப்பட்டிருந்தால், தொடர்பு விட்டுவிட்டு அறுவதற்கு வேறு காரணம் தேடுமுன் அவற்றைப் பிரித்துப் போட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மாட்யூல்தான் பழுது என்று முடிவானால், மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும். ஃபிளெக்ஸ்பென்டன்ட்டில் யுஎஸ்பி நினைவகத்தைச் செருகி அதிலேயே எடுக்கலாம். பேக்கப் கோப்புறைக்குள் சிஸ்பார் என்ற துணைக் கோப்புறை இருக்கும். அதில் உள்ள ஈஐஓ கோப்பில்தான் ஐ.ஓ. சாதனங்களின் முகவரிகளும், ஒவ்வொரு சிக்னலின் பெயரும், அது எந்த மாட்யூலின் எந்த இணைப்பில் இருக்கிறது என்பதும் பதிவாகியிருக்கின்றன. டிஎஸ்கியூசி 652-க்குள் இவற்றில் எதுவும் சேமிக்கப்படுவதில்லை என்பதால், அதே வகை மாட்யூலை அதே முகவரியில் மாட்டினால் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

மின்சாரத்தை அணைப்பதற்கு முன் கிரிப்பரில் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியீடுகள் பூஜ்ஜியமாகும்போது சில வால்வுகள் ஸ்பிரிங் விசையால் திரும்பிப் பிடியை விட்டுவிடும். ஆகவே பொருளை இறக்கி வைத்து, காற்று இணைப்பை அடைத்து, குழாய்களில் தங்கியிருக்கும் அழுத்தத்தையும் வெளியேற்றிய பின்பே மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, உங்கள் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். டிரைவ் பகுதியின் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். பெட்டியின் எச்சரிக்கை வில்லையில் குறிப்பிட்ட நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். சுவிட்ச் அணைந்த பிறகும், பக்கத்து இயந்திரத்திலிருந்து வரும் சிக்னல் கம்பிகளில் 24 வோல்ட் இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உடலில் சேரும் நிலைமின்னை வெளியேற்றும் மணிக்கட்டுப் பட்டையை அணிந்து அதன் கிளிப்பைப் பெட்டியின் வெற்று உலோகத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். நாம் உணரக்கூடிய நிலைமின் அதிர்வு ஆயிரக்கணக்கான வோல்ட் அளவில்தான் தொடங்குகிறது. மின்னணு உறுப்புகளோ அதைவிட மிகக் குறைந்த, நாம் உணரவே முடியாத அளவிலேயே சேதமடையக்கூடும். அப்படிச் சேதமடைந்த மாட்யூல் உடனே செயலிழக்காமல் சில மாதங்கள் ஓடியபின் நிற்பதும் உண்டு. புதிய மாட்யூலை அதன் உறையிலிருந்து மாட்டும் நேரம் வரை எடுக்கக் கூடாது.

கனெக்டர்களைப் பிடுங்குவதற்கு முன் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் அதன் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். வெளியீடுகளுக்கான எக்ஸ்1, எக்ஸ்2 கனெக்டர்களும் உள்ளீடுகளுக்கான எக்ஸ்3, எக்ஸ்4 கனெக்டர்களும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், இடம் மாறினாலும் எளிதாகப் பொருந்திவிடும். கிரிப்பரைத் திறக்க வேண்டிய கட்டளை வேறொரு வால்வுக்குப் போய்ச் சேரும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

எக்ஸ்5 கனெக்டருக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் 12 முனைகளில் முதல் ஐந்தும் நெட்வொர்க் கம்பிகளுக்கு உரியவை: 1 கருப்பு, 2 நீலம், 3 ஷீல்டு, 4 வெள்ளை, 5 சிவப்பு. 6-ஆவது 0 வோல்ட் பொது முனை. 7 முதல் 12 வரை உள்ளவை முறையே 1, 2, 4, 8, 16, 32 என்ற மதிப்புகளைக் குறிக்கின்றன. இவற்றில் மாட்டியிருக்கும் சாவி என்ற சிறு பல்வரிசைத் துண்டில் எந்தப் பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவோ அவற்றின் மதிப்புகளைக் கூட்டினால் வருவதே முகவரி. 8-ஆவது முனையும் 10-ஆவது முனையும் வெட்டப்பட்டிருந்தால் 2-உம் 8-உம் சேர்ந்து முகவரி 10 ஆகிறது. பழைய எக்ஸ்5 கனெக்டரை அப்படியே புதிய மாட்யூலில் மாட்டினால் முகவரியும் கூடவே வந்துவிடும். கடைசி மாட்யூலாக இருந்தால் டெர்மினேட்டரும் பெரும்பாலும் இதே கனெக்டரில்தான், 2-க்கும் 4-க்கும் இடையே இருக்கும். புதிய மாட்யூலோடு வந்த கனெக்டர் பளிச்சென்று இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்துவோர் முகவரியையும் டெர்மினேட்டரையும் ஒருசேர இழக்கிறார்கள். பழைய கனெக்டரின் திருகுகள் கெட்டுப்போய் மாற்றியே ஆக வேண்டிய நிலையில், கம்பி முனைகளுக்கு ஈயம் வைக்காமல் ஃபெருல் என்ற சிறு உலோகக் குழலை அழுத்தி மாட்டுங்கள். ஈயம் வைத்த முனை திருகின் அழுத்தத்தில் காலப்போக்கில் நசுங்கித் தளர்ந்துவிடும்.

பழுது மாஸ்டர் கார்டில் என்றால் வேலை சற்று மாறுகிறது. டிஎஸ்கியூசி 1000 மெயின் கம்ப்யூட்டரில் அமரும் டிவைஸ்நெட் கார்டு டிஎஸ்கியூசி 1006 ஆகும். அதை இயக்க, கன்ட்ரோலரின் மென்பொருளான ரோபோட்வேரில் 709-1 என்ற உரிமம் இருக்க வேண்டும்; ஏற்கெனவே டிவைஸ்நெட் ஓடிய கன்ட்ரோலரில் அது இருக்கும், புதிதாகச் சேர்ப்பவர்களுக்குக் கார்டு மட்டும் போதாது. மெயின் கம்ப்யூட்டரையே மாற்ற நேர்ந்தால், அதில் உள்ள எஸ்டி கார்டைப் புதியதற்கு மாற்றிச் செருக வேண்டும், ஏனெனில் கன்ட்ரோலரின் மென்பொருள் அதில்தான் இருக்கிறது. புரோஃபிநெட் என்ற வேறொரு நெட்வொர்க் வழி இணைந்த சாதனங்களில் சாவியும் பற்களும் கிடையாது. அங்கே மாஸ்டர் சாதனத்தை அதன் பெயரைக் கொண்டே தேடுவதால், பெயரில்லாமல் வரும் புதிய சாதனத்துக்குப் பழைய பெயரை எழுத்துப் பிசகாமல் இட வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும் எம்.எஸ்., என்.எஸ். இரண்டும் நிலையான பச்சைக்கு வருகின்றனவா என்று பாருங்கள். ஃபிளெக்ஸ்பென்டன்ட்டில் அந்தச் சாதனம் இயங்கும் நிலையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு சென்சாரையும் கையால் மறைத்து உள்ளீடு மாறுவதையும், ஆட்கள் விலகி நிற்கும்போது ஒவ்வொரு வெளியீட்டையும் தனித்தனியே இயக்கி உரிய வால்வே அசைவதையும் உறுதிசெய்ய வேண்டும். சோதனைக்காக யாரேனும் சிமுலேட் செய்து (போலி மதிப்பில் நிறுத்தி) வைத்த சிக்னல்கள் இருந்தால் விடுவித்துவிடுங்கள். முதல் சுழற்சியை, வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்குள் அடங்கும் மேனுவல் நிலையில் ஓட்டிய பின்பே தானியங்கி நிலைக்குப் போக வேண்டும்.

வழக்கமான பராமரிப்பு எளியது, ஆனால் தவறக் கூடாதது. ஐஆர்சி5 சாதாரணமாக 45 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கு வடிவமைக்கப்பட்டது. சென்னை மே மாதத்தில் வெளியிலேயே 40-ஐத் தாண்டும்போது, தகரக் கூரையின் கீழ் உள்ள ஆலையில் மிச்சமிருக்கும் இடைவெளி மிகக் குறைவு. அங்கே தூசி அடைத்த மின்விசிறி ஒன்றே தொடர்புக் கோளாறுகளுக்குப் போதுமானது. தூசியைக் காற்றுத் துப்பாக்கியால் ஊதினால் உலோகத்துகளும் எண்ணெய்ப் படலமும் கனெக்டர்களுக்குள் போய் அமரும். நிலைமின்னைத் தடுக்கும் தூரிகை பொருத்திய உறிஞ்சியே ஏற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெட்வொர்க் கனெக்டர்களின் திருகுகளை மெல்ல இறுக்கிப் பார்த்து, 60 ஓம் அளவீட்டையும் கடைசி மாட்யூலின் மின்னழுத்தத்தையும் மீண்டும் எடுத்து, கதவில் எழுதிய பழைய எண்களோடு ஒப்பிடுங்கள்.

கழற்றிய மாட்யூலில் தேதியையும், கன்ட்ரோலரின் எண்ணையும், விளக்குகள் காட்டிய நிலையையும் எழுதி ஒட்டி, நல்ல உதிரிகளோடு கலக்காமல் தனி அலமாரியில் வைக்க வேண்டும்.