பழைய போல்ட்டு தேறுமா? ஒரு புது நட்டு காட்டிக்கொடுக்கும்

இன்ஜினைக் கழற்றி மாட்டும்போது பழைய போல்ட்டையே போடலாமா என்று சந்தேகம் வந்தால், மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு, அதே அளவுள்ள புது நட்டை விரலாலேயே கடைசி மரை வரை ஓட்டிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் சரி. நடுவில் ஓரிடத்தில் இறுகி நின்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஸ்பேனர் போட்டுத் திருகித் தள்ளாதீர்கள்.

அளவுக்கு மீறி இழுபட்ட போல்ட்டு கொஞ்சம் நீண்டுவிடும். மரைகளின் இடைவெளியும் மாறிவிடுவதால் புது நட்டு அதில் ஏறாது. கண்ணுக்குத் தெரியாத நீட்சி விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

மாற்று வாங்கும்போது தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 10.9 இருந்த இடத்தில் 8.8 போடவே கூடாது. முன்னதன் இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன், பின்னதற்கு 800தான். 10 மி.மீ. போல்ட்டிலேயே 1.25 மி.மீ., 1.5 மி.மீ. என்று வெவ்வேறு மரை இடைவெளி உண்டு, கவனம். அப்புறம், போல்ட்டு தளராமல் இருக்க மரைப்பசை போடுவதாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, பசை பிடிக்காது.

இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சர்வீஸ் புத்தகத்தில் டார்க் (முறுக்கு விசை) அளவுக்குப் பிறகு ‘இன்னும் 90 டிகிரி’ என்பது போல் கோணம் கொடுத்திருக்கும் ஹெட் போல்ட்டுகள் (சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருப்பவை) பெரும்பாலும் நீளும்படியே செய்யப்பட்டவை. புதிது போடச் சொல்லியிருந்தால், நட்டு எவ்வளவு லேசாக ஓடினாலும் புதிதுதான் போட வேண்டும். நுண்ணிய விரிசலையும் இந்தச் சோதனை காட்டாது.