தென்னாப்பிரிக்கப் பின்னணியில் குடும்ப சாகச நாவல்: எழுதுகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

தாத்தா கிம்பர்லியில் வைரம் தோண்டுகிறார், மகன் பண்ணை வாங்குகிறான், பேரன் போயர் போரில் (டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் பிரிட்டனோடு மோதியது) துப்பாக்கி தூக்குகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. கிம்பர்லியில் வைரம் கிடைத்தது 1871. போர் மூண்டது 1899 அக்டோபர். இடைவெளி 28 ஆண்டுதான். 20 வயதில் தோண்ட வந்தவருக்குப் போரின்போது 48 வயது; பேரன் தொட்டிலில் இருப்பான். மூன்று தலைமுறை வேண்டுமென்றால் 1830-களின் போயர் குடிப்பெயர்ச்சியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் குறுக்கே ஆண்டுகள், நெடுக்கே பாத்திரங்கள், கட்டத்துக்குள் வயது. முதல் அத்தியாயத்துக்கு முன்பே இந்தத் தாள் தயாராக இருக்க வேண்டும்.

அதிகம் சறுக்குவது பயணத்தில். டர்பனில் கப்பலிறங்கிய குடும்பம் நாலே நாளில் கிம்பர்லி போய்ச் சேர்ந்துவிடுகிறது! தூரம் சுமார் 800 கி.மீ.; நடுவே டிராக்கன்ஸ்பர்க் மலை. சரக்கு வண்டிக்கு வழக்கமாக 16 எருதுகள், எட்டு நுகம். முன்னத்தி ஜோடியின் வாரைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் முன்னால் நடப்பான். நீளச் சாட்டை வண்டியோட்டியின் கையில். மாடு மேய வேண்டும், அசைபோட வேண்டும், உச்சி வெயிலில் நடக்காது. விடிகாலையிலும் இரவிலும் ஓட்டினாலும் நாளுக்கு 15 முதல் 20 கி.மீ.தான். ஆற்றில் வெள்ளம் என்றால் வடியும்வரை கரையில் கிடக்க வேண்டியதுதான். குதிரையில் பறக்கலாமென்றால், தாழ்நிலங்களில் மழைக்காலக் குதிரை நோய் பெரும்பாலான குதிரைகளைக் கொன்றுவிடும். நோய் கண்டு பிழைத்த குதிரைக்குத் தனி விலை. 1896-இல் வந்த மாட்டுக்கொள்ளை நோய் மந்தைகளை அழித்ததில் வண்டிப் போக்குவரத்தே படுத்துவிட்டது. ரயில் கிம்பர்லிக்கு 1885-இலும் ஜொஹானஸ்பர்க்குக்கு 1892-இலும்தான் வந்தது. சாகசக் கதைக்குத் தீனியே இந்தத் தடைகள்தான். அவற்றைத் தாண்டிக் குதிக்கிறவர் தன் கதைக்குக் கிடைக்கவிருந்த திருப்பங்களையும் சேர்த்தே தொலைக்கிறார்.

செய்தியும் அப்படித்தான். இசாண்டுல்வானாவில் ஜூலுப் படை பிரிட்டிஷ் முகாமை அழித்தது 1879 ஜனவரி 22. லண்டனுக்குத் தெரிந்தது பிப்ரவரி 11. மகன் செத்ததை அறியாமல் தாய் அவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மூன்று வாரம் இருக்கிறது.

வைரம் என்றதும் ஒற்றை ஆள், ஒரு மண்வெட்டி, ஒரு பெரிய கல். 1871-இல் பொருந்தும், 1890-இல் பொருந்தாது. ஒரு பங்குக் குழி என்பது 31 அடிக்கு 31 அடி. முதலில் குழிகளுக்கு இடையே வண்டிப் பாதை விட்டுத் தோண்டினார்கள். ஆழம் கூடக்கூடப் பாதைகள் சரிந்தன. பிறகு ஒவ்வொரு குழியிலிருந்தும் விளிம்புக்குக் கம்பி இழுத்து வாளியில் மண் ஏற்றினார்கள். தண்ணீர் ஊறி, பக்கச் சுவர் இடிந்து, செலவு தாங்காமல் சிறு ஆட்கள் விற்றுவிட்டுப் போனார்கள். 1888-இல் டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் கைக்குப் பெரும்பகுதி போய்விட்டது. 1885 முதல் கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தம் முடியும்வரை வேலி போட்ட வளாகத்துக்குள் அடைத்துவைத்தார்கள். உங்கள் நாயகன் 1890-இல் வந்தால் கிடைப்பது சம்பள வேலை, அல்லது திருட்டு வைர வியாபாரம்.

ஜொஹானஸ்பர்க் தங்கமும் தட்டில் அலசி எடுக்கிற சரக்கு இல்லை. பாறையை இடித்துப் பொடியாக்கி, 1890-க்குப் பின் சயனைடில் கரைத்துப் பிரிப்பார்கள். பணம் பங்குச் சந்தையில். ஓடைத் தங்கம்தான் வேண்டுமென்றால் கதையை 1873-இன் பில்கிரிம்ஸ் ரெஸ்டுக்குக் கொண்டுபோங்கள்.

மூத்த மகனுக்கே முழுப் பண்ணையும் என்று போயர் குடும்பத்தில் எழுதாதீர்கள். அது இங்கிலாந்துப் பிரபுக்களின் வழக்கம். ரோமன்-டச்சுச் சட்டப்படி கணவன் மனைவி சொத்து பொதுவானது. பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். 3,000 மார்கன், அதாவது சுமார் 2,500 ஹெக்டேர் பண்ணை, இரண்டு தலைமுறையில் தண்ணீர் இல்லாத துண்டுகளாகிவிடும். அண்ணன் தம்பிச் சண்டைக்கு வில்லன் தேவையே இல்லை. மூத்த பேரனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர் வைப்பது வழக்கம் என்பதால் ஒரே பெயர் மூன்று பேருக்கு வரும், பட்டப்பெயர் கொடுத்துவிடுங்கள்.

சில்லறைப் பிழைகள்: ஆப்பிரிக்காவில் புலி கிடையாது. டிசம்பர் கோடை, ஜூலையில் ஹைவெல்ட் என்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் உறைபனி. ராண்ட் நாணயம் 1961-இல்தான். அதற்கு முன் பவுன், ஷில்லிங், பென்ஸ். மார்ட்டினி-ஹென்றி ஒரு தோட்டா துப்பாக்கி. சடசடவென்று சுட முடியாது. 1899-இல் போயர்கள் கையிலிருந்த மவுசரில் ஐந்து தோட்டா, புகையும் வராது.

பெரிய பிழை, நிலம் காலியாகக் கிடந்தது என்று எழுதுவது. பெடி, சோத்தோ இனத்து இளைஞர்கள் கிம்பர்லிக்கு நடந்தே வந்து உழைத்தது பெரும்பாலும் துப்பாக்கி வாங்கி ஊர் திரும்பத்தான். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் 1849 முதல் குடிசைக்கு ஆண்டுக்கு 7 ஷில்லிங் வரி. அதைக் கட்டப் பணம் வேண்டும். இந்தக் காரணங்கள் தெரியாவிட்டால் கறுப்பினப் பாத்திரங்கள் மூட்டை தூக்குபவர்களாகவே நிற்பார்கள். தமிழர்களை வைப்பதாக இருந்தால், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்த 1860 நவம்பர் 16-க்கு முன் கரும்புத் தோட்டத்தில் அவர்களை நிறுத்தாதீர்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டு, முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். போயர் போரையும் வெள்ளையர் சண்டையாக மட்டும் காட்டக் கூடாது. பிரிட்டிஷார் குடும்பங்களை அடைத்துவைத்த முகாம்களில் இறந்த போயர்கள் சுமார் 28,000. கறுப்பினத்தவருக்கான தனி முகாம்களில் பதிவான சாவு மட்டும் 14,000-க்கு மேல். நேட்டால் போர்முனையில் காயம்பட்டவர்களைத் தூக்கிய சுமார் 1,100 இந்தியர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள்.