கம்பேரட்டரில் ஃபீட்பேக் கெப்பாசிட்டர்: எந்தக் காலில் போடுவது, எவ்வளவு போடுவது

இருட்டினால் தானாக எரிய வேண்டிய விளக்கு அந்தி நேரத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். எல்டிஆரையும் (இருட்டினால் மின்தடை கூடும் ரெசிஸ்டர்) எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் ஐசியைக் கம்பேரட்டராகவும், அதாவது ப்ளஸ், மைனஸ் என்ற இரண்டு இன்புட் கால்களின் வோல்டேஜை ஒப்பிட்டு அவுட்புட்டை மாற்றுவதாகவும், வைத்து சர்க்யூட் போட்டவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆம்ப்ளிஃபையர் அலைந்தால் (ஆசிலேட் ஆனால்) அவுட்புட்டிலிருந்து மைனஸ் காலுக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டு அடக்குவோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் நானும் முதல் தடவை 100 நானோஃபாரட் ஒன்றை அங்கேயே போட்டேன். துடிப்பு நின்றது. ஆனால் எல்இடி ஸ்ட்ரிப் மங்கலாக, மெல்ல மெல்ல ஏறியது, ஸ்ட்ரிப்பை ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது.

காரணம் எளிது. மைனஸ் காலுக்குப் போகும் கெப்பாசிட்டர் கம்பேரட்டரை இன்டக்ரேட்டராக, அதாவது அவுட்புட் சட்டென்று மாறாமல் மெல்ல நகரும் சர்க்யூட்டாக, மாற்றிவிடும். என் சர்க்யூட்டில் 12 வோல்ட் சப்ளை, மேலே எல்டிஆர், கீழே 47 கிலோ ஓம், நடுப்புள்ளி மைனஸ் காலுக்கு. மாறும் இடத்தில் எல்டிஆரும் ஏறக்குறைய 47 கிலோ ஓம்தான் இருக்கும், ஆக அந்தப் புள்ளியின் மின்தடை 23.5 கிலோ ஓம். அதோடு 100 நானோஃபாரட் சேர்ந்தால் 2.35 மில்லி செகண்ட். இரண்டு கால்களுக்கும் 20 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தால்கூட அவுட்புட் வினாடிக்கு எட்டரை வோல்ட் வேகத்தில்தான் நகரும், அந்தியில் வித்தியாசம் அதைவிடச் சிறியது, அதனால் மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையிலேயே நின்று காயும். கெப்பாசிட்டர் இல்லாமல் இதே எல்எம்358, மைக்ரோ செகண்டுக்கு 0.3 வோல்ட் என்று வைத்தாலும், 35 மைக்ரோ செகண்டில் மாறி முடித்துவிடும். எனவே மைனஸ் பக்கம் வேண்டவே வேண்டாம்.

சரி, ப்ளஸ் பக்கம் வருவோம். முதலில் ரெசிஸ்டர், அதுதான் முக்கியம். இரண்டு 10 கிலோ ஓம் வைத்து 6 வோல்ட் ரெஃபரன்ஸ் எடுத்து ப்ளஸ் காலுக்குக் கொடுங்கள், அவுட்புட்டிலிருந்து அதே காலுக்கு 100 கிலோ ஓம் போடுங்கள். எல்எம்358-இன் அவுட்புட் சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும் என்பதால் 0-விலிருந்து 10.5 வரை ஆடும். கணக்குப் போட்டால் விளக்கு 5.71 வோல்ட்டில் எரியும், 6.21 வோல்ட்டில் அணையும். இந்த அரை வோல்ட் இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ், துடிப்பை நிறுத்துவது இதுதான்.

அப்புறம் கெப்பாசிட்டர் எதற்கு? அந்த 100 கிலோ ஓமுக்கு இணையாகப் போட்டால், அவுட்புட் நகரத் தொடங்கிய உடனே ப்ளஸ் காலை அதே திசையில் கூடுதலாகத் தள்ளும், மாறும் அந்த நொடியில் வரும் இரைச்சலால் அவுட்புட் திரும்ப முடியாது. 1 நானோஃபாரட் என்றால் மைக்ரோ செகண்டுக்கு 0.3 வோல்ட் வேகத்துக்கு 300 மைக்ரோஆம்ப், ப்ளஸ் காலின் 4.76 கிலோ ஓமில் (இரண்டு 10 கிலோ ஓமும் 100 கிலோ ஓமும் இணையாக) அது 1.4 வோல்ட் கூடுதல் தள்ளல். 100 பிக்கோஃபாரட் என்றால் 0.14 வோல்ட். மாற்றம் முடிந்த சில மைக்ரோ செகண்டில் இந்தத் தள்ளல் கரைந்துவிடும், அதனால்தான் ரெசிஸ்டர் இல்லாமல் கெப்பாசிட்டரை மட்டும் நம்பக் கூடாது, எல்டிஆர் போல மெதுவாக நகரும் சிக்னலில் துடிப்பு திரும்ப வந்துவிடும்.

பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று 10 நானோஃபாரட் போடாதீர்கள். தள்ளல் ஏழு வோல்ட்டைத் தாண்டும், அவுட்புட் விழும்போது ப்ளஸ் கால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். எல்எம்358-இன் இன்புட் மைனஸ் 0.3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. இந்த மதிப்புகளுக்கு 100 பிக்கோஃபாரட் முதல் 1 நானோஃபாரட் வரை போதும்.

எல்எம்358-க்குப் பதில் எல்எம்393 என்ற கம்பேரட்டர் ஐசியைப் பயன்படுத்தினால் அவுட்புட்டிலிருந்து சப்ளைக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம், 4.7 கிலோ ஓம் போடலாம். அது விழும் வேகம் மிக அதிகம் என்பதால் சின்னக் கெப்பாசிட்டர்கூடக் காலை உதைத்துவிடும். கெப்பாசிட்டரோடு தொடராக 22 கிலோ ஓம் சேர்த்தால் உதை இரண்டு வோல்ட் அளவில் அடங்கும்.

பக்கத்து விளக்கின் 100 ஹெர்ட்ஸ் மினுக்கலுக்கு இந்தக் கெப்பாசிட்டர் எதுவும் செய்யாது. அதற்கு மைனஸ் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் போடுங்கள். ஒன்று கவனம்: ஸ்ட்ரிப் எரிந்ததும் சப்ளை 0.3 வோல்ட் இறங்கினால் ரெஃபரன்ஸ் உடனே 0.15 இறங்கும், மைனஸ் காலோ இந்த 10 மைக்ரோஃபாரடால் அங்கேயே நிற்கும். ஹிஸ்டெரிசிஸ் அதைவிடச் சிறியதாக இருந்தால் விளக்கு உடனே அணையும், மறுபடி எரியும். அரை வோல்ட் வைத்ததற்கு இதுவும் காரணம்.

சோதிக்க, எல்டிஆர் இருக்கும் இடத்தில் 100 கிலோ ஓம் பாட் (திருப்பினால் மின்தடை மாறும் ரெசிஸ்டர்) ஒன்றை வைத்து மிக மெதுவாகத் திருப்புங்கள், மல்டிமீட்டர் மைனஸ் காலில் இருக்கட்டும். 5.7 அருகே எரிந்து 6.2 அருகே அணைந்தால் பாட்டைக் கழற்றிவிட்டு எல்டிஆரைத் திரும்ப வையுங்கள், ஸ்ட்ரிப்பின் வெளிச்சம் அதன் மேல் நேராக விழாத இடமாகப் பார்த்து.